நிறுத்துவதற்கு முன் ஒரு மிதி

எங்கள் முதலாளியிடம் அப்போது இரண்டு லாரிகள் இருந்தன. இரண்டும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். இரண்டிலும் டர்போ உண்டு. டர்போ என்பது தேங்காய் அளவு இருக்கும் ஒரு சின்னச் சக்கர ஜோடி. எஞ்சின் வெளியே விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டில் மறுபக்கம் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், வண்டிக்கு இழுவை கூடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பத்தாவது வரை படித்தவன் நான்.

பழைய லாரியை நான் ஓட்டினேன். டர்போ வைத்த வண்டிகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில் வாங்கியது அது. ஆறேழு வருடம் கழித்து வாங்கிய புதியதைப் பாளையங்கோட்டையிலிருந்து வருகிற ஒருவர் ஓட்டினார். அவரை எல்லோரும் பாளைக்காரர் என்போம். தாழையூத்தில் சிமெண்டு ஏற்றி, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலையேறிப் புனலூரில் இறக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் அதே பாடுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சாரல் மாதத்தில் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் பேட்டை ஷெட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். தென்காசியில் உரக்கடை போடப் போவதாகவும், அதனால் ஒரு லாரியை விற்கப் போவதாகவும் சொன்னார்.

"எத வைக்க, எத விக்கன்னு எனக்குத் தெரியல. பழசு நம்பிக்கைங்கான் ஒருத்தன். புதுசுதான் இழுக்குங்கான் இன்னொருத்தன். நீங்களே பாத்துச் சொல்லுங்க. வண்டிய மாத்திக்கிட்டு மூணு நட போய்ட்டு வாங்க. ஒரே லோடு, ஒரே ரோடு, சேந்தே போகணும். பொறவு பேசுவோம்."

பாளைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஒரு வண்டிய வித்தா டிரைவரு எத்தன பேரு அண்ணாச்சி?"

"ஒரு வண்டில ஸ்டீரிங் எத்தனவே இருக்கு?" என்றார் முதலாளி.

அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வண்டி போனால் அதன் டிரைவரும் போக வேண்டியதுதான் என்பது வழக்கம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வேலை போவது எல்லோருக்கும் கஷ்டம்தான். ஆனால் எனக்கு இருந்த பயம் வேறு மாதிரி. முன்பின் தெரியாத ஆள் முன்னால் நின்று 'வேலை கொடுங்கள்' என்று கேட்க எனக்கு நாக்கு எழாது. இந்த வேலையைக்கூட என் மச்சான்தான் கேட்டு வாங்கித் தந்தான். அவன் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் இரண்டு அடி பின்னால் நின்று லாரி டயரில் எத்தனை நட்டு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மச்சான் பிறகு துபாய்க்குப் போய்விட்டான். இந்த ஷெட்டை விட்டால் நாற்பது வயதுக்கு மேல் எனக்காகப் பேச யார் வருவார்கள்? 

முதல் நடை திங்கட்கிழமை காலை. சாவியை மாற்றிக்கொண்டோம். பாளைக்காரர் என் வண்டியில் ஏறி சீட்டைத் தட்டிப் பார்த்து, "என்னவே, முள்ளு மேல உக்காந்துட்டா இத்தன வருசம் ஓட்டுனீரு?" என்றார். புது வண்டியைப் பற்றி எனக்கு அவர் எதுவும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கியர் ஒன்றுதான், பிரேக் ஒன்றுதான் என்று நினைத்தோம்.

மலையடிவாரத்தில் புளியரை தாண்டியதும் முதல் வளைவிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

காரணம் இதுதான். என் பழைய எஞ்சினில் மிதித்தவுடன் எதுவும் நடக்காது. மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் பின்னால் கரும்புகை தள்ளும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் குக்கர் விசிலுக்கு முன்னால் வருகிற சத்தம் மாதிரி ஒன்று மெதுவாகக் கிளம்பும். அதற்குப் பிறகுதான் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி எழும்பும். டர்போ வேகமெடுக்க அதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். அதனால் வளைவு முடிந்த பிறகு இழுவை வேண்டுமானால், வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே மிதித்துவிட வேண்டும். என் கால் எப்போதும் ரோட்டுக்கு ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் அப்படியே பழகிவிட்டது.

புது எஞ்சினில் அதே பழக்கத்தில் மிதித்தேன். அது காத்திருக்கவில்லை. நான் வளைவில் பாதி திரும்புவதற்குள் பத்து டன் சிமெண்டோடு வண்டி பாறையைப் பார்த்து எட்டு வைத்தது. ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினேன். எதிரே வந்த கேரள பஸ்ஸின் டிரைவர் ஜன்னல் வழியே மலையாளத்தில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். நல்லவேளை, புரியவில்லை.

நாலைந்து வளைவு போன பிறகு காலைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அந்த எஞ்சின் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. அதன் டர்போ பழையதைவிடச் சிறியது, அதனால் சீக்கிரம் சுழலும். டர்போவில் அமுக்கிய காற்று சூடாக இருக்கும். பழைய வண்டியில் அந்தச் சூட்டோடேயே உள்ளே போகும். புதியதில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு பெட்டி வைத்திருந்தார்கள். காற்று அதற்குள் போய்க் குளிர்ந்து பிறகு எஞ்சினுக்குள் போகும். குளிர்ந்த காற்று அடங்கி உட்காரும், அதனால் அதிகம் கொள்ளும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் என் வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும் இடத்தை இது மூன்றாவதில் ஏறியது. புகை இல்லை. விசில் இல்லை. நாக்கைப் பல்லில் வைத்து ஊதுகிற மாதிரி ஒரு மெல்லிய சீறல் மட்டும். என் வண்டியில் மலையேறினால் முழங்கால் வெந்துவிடும். இதில் சாரல் காற்று காலில் படுவதுகூடத் தெரிந்தது.

வேறொரு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நல்ல எஞ்சினை ஓட்டுவது தொழில் தெரிந்தவனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் எனக்கு வந்த நினைப்பு ஒன்றுதான்: இதை விட்டுவிட்டு என் வண்டியை வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

மலை உச்சியில் ஆரியங்காவில் டீக்குடிக்க நிறுத்துவோம். நிறுத்தும்போது நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். ஆக்சிலேட்டரை ஒரு தடவை நன்றாக மிதித்து எஞ்சினை உறுமவிட்டு, காலை எடுத்ததும் நிறுத்துகிற குமிழை இழுத்தேன். டர்போ வருவதற்கு முன்பு இருந்த லாரிகளில் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கடைசியாக ஒரு மிதி மிதித்து நிறுத்தினால் அடுத்த தடவை ஒரே அடியில் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. பேட்டரி சரியில்லாத காலத்தில் வந்த நம்பிக்கை. கோவிலை விட்டு வெளியே வரும்போது திரும்பி ஒரு கும்பிடு போடுவதைப் போல, யோசிக்காமல் கால் தானாகச் செய்யும்.

கால் மணி நேரம் கழித்து என் பழைய வண்டியில் பாளைக்காரர் வந்து சேர்ந்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. ஜெபம். இது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அவர் கிறிஸ்தவர். எங்கே போய் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜெபம் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிறுத்துவார். ஷெட்டில் சுமை இறக்குகிறவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

"பாளைக்காரரே, டீசல் வாசம் இல்லாட்டா ஒம்ம சாமிக்குக் காது கேக்காதோ?"

அவர் கண்ணைத் திறக்காமல் பொறு என்று ஒரு விரலைக் காட்டுவார். முடித்துவிட்டு இறங்கி வந்து, "ஒங்க சாமிக்குச் சூடம், எங்க சாமிக்கு டீசல். ரெண்டும் எரியத்தானலே செய்யுது" என்பார். முதலாளிக்கு டீசல் வீணாவதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனாலும் சாமி விஷயம் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது நடையும் அப்படியே போனது. புது வண்டி என்னை முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தது. டீசலும் குறைவாகத்தான் குடித்தது. நான் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மிதி மிதித்து நிறுத்தினேன்.

மூன்றாவது நடையில் புளியரை தாண்டி மூன்றாவது வளைவில் சீறல் மாறியது. சாணைக்கல்லில் கத்தி படுகிற சத்தம் ஒன்று அதற்குள்ளிருந்து வந்தது. முதலில் என் பிரமை என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தபோது வண்டி எழும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப்புகை. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். நிறுத்த இடமில்லை, பின்னால் வரிசையாக வண்டிகள். இரண்டாவது கியரில் போட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மாட்டுவண்டி போல் ஊர்ந்து ஏறினேன். அடுத்தவன் வண்டி என் கையில் சாகிறது என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

ஆரியங்காவில் ஓரம் கட்டியபோது என் பழைய வண்டியும் பின்னாலேயே வந்து நின்றது. நான் வழக்கம்போல் ஒரு மிதி மிதித்துக் குமிழை இழுத்தேன்.

பாளைக்காரர் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே குதித்து இறங்கி என்னிடம் வந்தார்.

"இப்ப என்னவே செய்தீரு?"

"நிறுத்தினேன்."

"அதுக்கு முன்னால?"

"ஒரு மிதி மிதிச்சேன். எப்பவும் மிதிக்கது."

"எப்பவுமா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் டர்போ குழாய்ப் பக்கம் குனிந்து விரலை வைத்துத் தடவினார். விரலில் எண்ணெய். அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இந்தாரும், அந்தச் சின்னச் சக்கரம் என்ன வேகத்துல சுத்துதுன்னு நமக்குத் தெரியாது. எஞ்சின் ஓடினாத்தான் அதுக்கு எண்ணெய் போவும். நீரு எஞ்சின நிறுத்தினா எண்ணெய் நின்னு போவுது, சக்கரம் நிக்காது. காஞ்சு சுத்தும். மலையேறி வந்து அது பழுத்துப் போய்க் கெடக்கு. அதுல நீரு ஒரு மிதி மிதிச்சு இன்னும் வேகத்த ஏத்திவிட்டு எண்ணெய நிறுத்திருக்கீரு. நிறுத்துறதுக்கு முன்னால மூணு நிமிஷம் மெதுவா ஓடவிடணும்வே. அது ஆறணும்."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரிந்ததும் கேட்டேன். "நீரு கண்ண மூடிட்டு உக்காருவீரே, அது ஜெபம்லா?"

"ஜெபமும்தான். வண்டி எடுக்கப் போனப்போ கம்பெனில மூணு நிமிஷம்னு சொன்னான். என் கைல வாட்சு கெடையாது. அந்த ஜெபம் சொல்லி முடிச்சா சரியா இருக்கும்."

"எங்க யார்ட்டயும் நீரு சொல்லலியே."

"உம்ம வண்டிலயும் டர்போதானவே இருக்கு? இத்தன வருசமா ஓட்டுதீரு. தெரியாம இருக்கும்னு யாரு கண்டா?"

என் வண்டியை வாங்கியபோது கம்பெனிக்கு முதலாளி மட்டும் போய் ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டாஷ்போர்டில் இங்கிலீஷில் ஏதோ ஒட்டியிருந்தது. அதன் மேல் நான் முருகன் படத்தை ஒட்டிவிட்டேன்.

 சாரல் பெய்துகொண்டிருந்தது. இரண்டு பேர் மனதிலும் ஓடியது ஒன்றேதான் என்று நினைக்கிறேன். புது எஞ்சின் மூன்றே நடையில் படுத்துவிட்டது என்று முதலாளி நினைத்தால் அதைத்தான் விற்பார். போவது பாளைக்காரர். நான் இருப்பேன்.

"அண்ணாச்சிகிட்ட நீரே சொல்லிரும்" என்றார் அவர். "நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆவும். நீரு சொன்னா அது வேற."

"சொல்லுதேன்" என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எப்படியோ புனலூரில் இறக்கிவிட்டு மறுநாள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தோம். முதலாளி பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அக்கம்பக்கத்து டிரைவர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். என் வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. 'அண்ணாச்சி, நான் நிறுத்தினது தப்பு.' இவ்வளவுதான். வழி நெடுக இதைத்தான் சொல்லிப் பார்த்திருந்தேன். முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"ஒம்ம மேல குத்தம் இல்லவே. நீரு வாயில்லாப் பூச்சி, வண்டிய அடிச்சு ஓட்டுத ஆளா? பழச இத்தன வருசம் கண்ணு மாதிரி வச்சிருக்கீரு. சாமான் மட்டம். புதுசு புதுசுன்னு பெட்டி பெட்டியா மாட்டி வச்சு ஏமாத்துதான்."

கூடியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். ஒருவர், "பழச அடிச்சுக்க முடியுமா அண்ணாச்சி" என்றார்.  பாளைக்காரர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து கையில் படாத கிரீஸைத் துடைத்தேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

மெக்கானிக் வந்து டர்போவைக் கழற்றினார். உள்ளே தண்டைச் சுற்றி எண்ணெய் கருகி, அடிப்பிடித்த சோறு மாதிரி ஒட்டியிருந்தது. "ஆறவிடாம நிறுத்தினாலும் இப்படி ஆவும், எண்ணெய் மட்டமா இருந்தாலும் ஆவும்" என்று பொதுவாகச் சொன்னார். முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. வேறு டர்போ வாங்கி மாட்டி, வெள்ளிக்கிழமையே விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். சங்கரன்கோவில் பக்கம் ஒருவர் வண்டி கேட்டிருந்தாராம்.

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. தினமும் காலையில் என் ஊரான கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறும்போது இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். முக்கூடல் விலக்கு வரும்போது வாக்கியம் சரியாக இருக்கும். பேட்டையில் இறங்கும்போது அது கலைந்துவிடும். ஷெட்டில் முதலாளியோடு யாராவது ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். அவர் போகட்டும் என்று நிற்பேன். அவர் போனதும் போன் வரும். போன் முடிந்ததும் அவரே "என்னவே?" என்பார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்பேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு நாக்கு நன்றாக எழும்பியது.

பாளைக்காரர் அந்த நாலு நாளும் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினார். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்கினார். ஒரு தடவைகூட 'சொல்லிவிட்டீரா' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அப்பளம் இடுகிறவள். முற்றத்தில் ஓலைப்பாயில் அப்பளங்களைப் பரத்திக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"சொன்னா ஒங்களுக்கு வேலை போவுமா?"

"போவும்."

"சொல்லாட்டா?"

"அவருக்குப் போவும்."

இரண்டு வரிசையைப் பரத்தி முடித்தாள். பிறகு, "ரெண்டு நாளா நீங்க சோத்தத் தொடல. அத வச்சு நான் என்னன்னு சொல்ல" என்றாள். மேகம் கூடியிருந்ததால் பாயை இழுத்துத் தாழ்வாரத்துக்குள் போட என்னைப் பிடிக்கச் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்குகிறவர் வந்தார். கூடவே தன் டிரைவரையும் அழைத்து வந்திருந்தார். நடுவயதுக்காரர், என்னைப் போலவே பழைய லாரிகளில் தொழில் படித்த கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. புது டர்போ மாட்டிய வண்டியைப் புறவழிச்சாலை வரை வேகமாக ஓட்டிவிட்டு ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. "இழுவ நல்லாத்தான் இருக்கு மொதலாளி" என்று ஜன்னல் வழியே குரல் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை ஒரு தடவை நன்றாக மிதித்தார். எஞ்சின் உறுமியது. கை குமிழுக்குப் போனது.

நான் எப்போது நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. படியில் ஏறி ஜன்னலுக்குள் கையை விட்டு அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"நிறுத்தாதேயும். மூணு நிமிஷம் ஓடட்டும்."

அந்த ஆள் பயந்துவிட்டார். யாரென்றே தெரியாதவன் ஓடிவந்து கையைப் பிடித்தால் யாருக்கும் பயம்தான் வரும். ஷெட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ஏன்வே, என்ன?" என்றார் முதலாளி.

கையை விடாமலே சொன்னேன். முதலாளியைப் பார்க்காமல் அந்த டிரைவரிடம்தான் சொன்னேன். அவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. இப்படி மிதித்து நிறுத்தினால் சக்கரம் எண்ணெய் இல்லாமல் சுற்றும், கருகிவிடும், இதில் இருந்த டர்போ அப்படித்தான் போனது, கருக்கியது நான்தான், பதினைந்து தடவையாவது செய்திருப்பேன், பாளைக்காரர் கையில் இரண்டு வருடமாக இதற்கு ஒரு சின்ன நோவுகூட வந்ததில்லை. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்ததும் கையை விட்டேன். அந்த ஆள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

வாங்க வந்தவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். 

"டர்போ போனது போவட்டும்வே. மெஷினுன்னா போவும். நாலு நாளா என் மூஞ்சியப் பாத்துட்டு 'ஒண்ணுமில்ல'ன்னீரே. பாளைக்காரன் சோத்துல மண்ணு விழப் போவுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே சொன்னீரே."

நான் படியிலிருந்து இறங்கினேன். 

மெக்கானிக்கைக் கூப்பிட்டு என் பழைய வண்டியின் டர்போக் குழாயையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார் முதலாளி. மெக்கானிக் விரலால் தண்டைப் பிடித்து ஆட்டினார். ஆடக்கூடாத அளவுக்கு ஆடியது. மெதுவாகச் சுற்றுகிற பழைய டர்போ என்பதால் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணு மாதிரி வைத்திருந்தேன் என்று பெயர் வாங்கிய வண்டியை நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

சங்கரன்கோவில்காரர் கெட்டிக்காரர். குறை தெரிந்த வண்டிதான் நல்லது என்று அந்தப் பழையதையே விலை குறைத்து எடுத்துக்கொண்டார். அவருக்குத்தான் டிரைவர் இருக்கிறாரே, வண்டியோடு என் வேலையும் போனது. நான் முருகன் படத்தை உரித்தெடுத்தேன். கீழே இருந்த இங்கிலீஷ் எழுத்தும் படத்தோடு வந்துவிட்டது.

மறுநாள் பாளைக்காரர் கல்லிடைக்குறிச்சிக்கு என் வீடு தேடி வந்தார். வந்தவர் அப்பளத்தைப் பற்றி என் வீட்டுக்காரியிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னார்.

"வண்ணாரப்பேட்டைல ஒருத்தரு டிரைவரு தேடுதாரு. நான் வந்து பேசட்டுமாவே?"

வரச் சொல்லத்தான் நினைத்தேன். "வேண்டாம், நானே போறேன்" என்று வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை போனேன். அந்த ஷெட்டு வாசலை மூன்று தடவை கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். இரண்டு அடி முன்னால் நிற்க யாரும் இல்லை.

"என்ன?" என்றார்.

"டிரைவர் வேலைக்கு வந்தேன் அண்ணாச்சி."

"என்ன வண்டி ஓட்டிருக்கீரு?"

ஆறு சிலிண்டர், டர்போ என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. டர்போவில் இரண்டு தலைமுறை ஓட்டியிருக்கிறேன் என்று தொடங்கினேன். பழையதில் மிதித்துவிட்டு மூன்று எண்ண வேண்டும், புதியதில் எண்ணினால் பாறையில் போய் முட்டும் என்றேன். சூட்டுக் காற்றையும் குளிர்ந்த காற்றையும் சொன்னேன். பழையது நாம் செய்கிற தப்பைப் பொறுத்துக்கொண்டு உள்ளுக்குள் தேயும், புதியது உடனே முகத்தைக் காட்டிவிடும் என்றேன். எது நல்ல எஞ்சின் என்று கேட்டால் புதியதுதான், ஆனால் அதற்குத் தகுந்த கால் வேண்டும், என் கால் தகுந்ததாக இல்லை, ஒன்றைக் கருக்கிவிட்டேன், அதை நாலு நாள் மறைத்தேன், அதனால்தான் வேலை போனது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"இவ்வளவும் நான் கேட்டனாவே?"

"இல்ல அண்ணாச்சி."

"அங்கன ஆணில சாவி தொங்குது. வண்டி பின்னால நிக்கி. எடுத்துப் பாலம் வரைக்கும் போய்ட்டு வாரும்."

பின்னால் போனேன். ஏறுவதற்கு முன் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஆறு சிலிண்டர்தான். ரொம்பப் பழைய எஞ்சின். டர்போ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் குழாய்தான் இருந்தது. திரும்பினால் அவர் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"இதுல டர்போ இல்லியே அண்ணாச்சி."

"இல்ல" என்றார் அவர். "ஒமக்கு அதான் தோது. ஏறும்."